சுடலைக்கு நேர்ந்த முடி

ஷிப்டும் முடித்து, அதற்கு மேல் ஓ.டி.யும் பார்த்துவிட்டு, ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து சேரப்பணஞ்சேரியில் இறங்கியபோது இசக்கிசெல்விக்குக் கால் தன் கால் மாதிரியே இல்லை. காப்பகத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரூமுக்குப் போய் விழுந்தால் போதும் என்றிருந்தது. நிம்மதியாக விழக்கூட ஒரு கொடுப்பினை வேண்டுமே!

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகம் அது. வாசலுக்கு ஓடி வந்த மகள் நாச்சியாரைப் பார்த்ததும் இவளுக்குப் பகீர் என்றது. ஒட்ட வெட்டிய கிராப்பு! நான்கு வயது வரை கத்தரி படாத தலை. கைக்குழந்தையாக நிமோனியாவில் கிடந்தபோது, "புள்ள பிழைச்சிட்டுன்னா முதல் முடி ஒமக்குத்தான்" என்று ஊர்ச் சுடலைமாடனுக்கு நேர்ந்த முடி. நேர்ந்து என்ன செய்ய? திருநெல்வேலிப் பக்கம் போய்வர அவளுக்கும் புருஷன் கொம்பையாவுக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்க வேண்டுமே. கேட்கும்போதெல்லாம் சூப்பர்வைசர், "டார்கெட் முடியட்டும்மா" என்பான். அவன் டார்கெட் என்றைக்கு முடிந்தது!

"எக்கா, யாருக்கா எம்புள்ள தலையில கத்தரி வச்சது?"

ஆயா சரோஜா கையைப் பிசைந்தாள். "அந்த பெல்ஜியம்காரங்கதாம்மே. பேன் ரொம்ப கீதுன்னு எல்லா புள்ளைங்களுக்கும் வெட்டிட்டாங்க. நா சிலிண்டர் வாங்க பூட்டேன். வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சிகிச்சி."

"வெட்டுன முடி எங்க?"

"குப்பை வண்டில போட்டாச்சும்மே."

சேவை செய்யவென்று சொந்தக் காசில் குடும்பத்தோடு பெல்ஜியத்திலிருந்து வந்து, ஒரு மாதமாகப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி மூக்குத் துடைத்துவிடுகிற ஜனம்தான். இருக்கட்டும், அதற்காக? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடத்தான் இசக்கிசெல்வி உள்ளே போனாள். போனவள் நின்றுவிட்டாள். வெள்ளைக்காரிக்கும் கிராப்பு, காலேஜ் வயசிலிருந்த அவள் மகளுக்கும் கிராப்பு. பிள்ளைகள் பயப்படக் கூடாதென்று அவர்கள்தான் முதலில் தலையைக் கொடுத்தார்களாம். வெட்டியது அந்த அப்பன்காரனாம். இடுப்பு வரை தொங்கிய முடியை இழந்த அந்தப் பெண் நாச்சியாரின் தலையைத் தடவிச் சிரித்தது. இவர்களை என்னவென்று ஏசுவது? வாயிலிருந்து வந்ததோ "தேங்க்ஸ்" மட்டும்தான்.

வெளியே வந்து, நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கொம்பையாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"சரிட்டி," என்றான். "இனி முடி வளரணும்லா. அதுவரைக்கும் லீவு கேக்க வேண்டாம்."

"வாய மூடும்!" என்று சீறிப் போனை வைத்தாள்.

குப்பை வண்டி என்று சரோஜா சொன்ன அந்த நிமிஷமே அவள் மனசில் ஓடியதும் அதுதான். அப்பாடா, லீவு கேட்க வேண்டாம் என்று. சாமி என்ன செய்யுமோ என்ற பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. லாரிகள் போகும் ரோட்டோரத்தில் பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அழுதாள்.