பாதி விலைக்கு ஒரு விளையாட்டு

பாதி விலைக்குக் கொடுக்கிறான் என்றால் மீதிப் பாதியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான், அதைக் கண்டுபிடிக்காமல் இந்தக் கடையை விட்டு இறங்கக் கூடாது என்று நினைத்தபடியே சுயம்பு அந்த மேசை முன்னால் நின்றார், நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்துக்கு எதிரே மாடிக் கடை, கீழே பஸ் உறுமும்போதெல்லாம் தரை வழியாக உள்ளங்காலில் ஒரு நடுக்கம் ஏறியது, மேசை நிறைய நீலப் பெட்டிகள், டிவியில் மாட்டி விளையாடும் கேம்களாம், ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிவப்புச் சீட்டு, பழைய விலையை அடித்து கீழே புது விலை... அந்த அடித்த விலைக்கு எவனாவது எப்போதாவது வாங்கியிருப்பானா, இல்லை, அடிப்பதற்கென்றே எழுதினார்களா? அமரவிளை செக்போஸ்ட்டில் லாரிச் சரக்கை இறக்கி ஏற்றியே முதுகு வளைந்தவர் அவர், தக்காளிக் கூடைக்கு அடியில் என்னென்ன வந்தது, வைக்கோலுக்கு அடியில் என்னென்ன வந்தது என்று பார்த்த கண், சிரித்துக்கொண்டு இறங்குகிற டிரைவரைக் கண்டால் முதலில் அந்த லாரியின் கயிற்றைத்தான் அவிழ்ப்பார்கள், மேலே சிரிப்பு கூடினால் அடியில் சரக்கும் கூடும், இங்கேயும் சிரிப்பு கூடுதலாகத்தான் இருந்தது, கல்லாவில் இருந்தவர் லிஷா என்று கூப்பிட்ட அந்தப் பெண்பிள்ளை, இவர் படியேறி வந்ததிலிருந்து சிரித்துக்கொண்டே நின்றாள்.

கெட்டுப்போனதைத்தான் விலை குறைத்து வைத்திருக்கிறீர்களா என்று நேராகவே கேட்டார், சுற்றி வளைத்துக் கேட்க அவருக்கு வராது, அதற்கும் அவள் சிரித்தாள். "அப்பூப்பா, இது என்ன மீனா, செவுள பொளந்து பாக்கதுக்கு? எனக்கு ஊரு கடல்பொறமாக்கும், மீனுன்னா நானே சொல்லுவேன், இது வேண்டாம், நேத்துள்ளதுன்னு. கேமு அழுகாது." அழுகாத சாதனத்துக்கு என்னத்துக்கு மக்களே விலை குறையுது என்று இவர் விடாமல் கேட்க, அவள் ஒரு பெட்டியை எடுத்தாள். "இது பந்து களி, போன வருசத்துக்குள்ளது, களிக்க ஆளுவ எல்லாம் டீமு மாறியாச்சு, அதான் குறைவு. இது எடுக்கண்டாம்." விற்கிறவளே எடுக்க வேண்டாம் என்கிறாளே, இது எந்த ஊர்ப் பழக்கம், ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதைத் தலையில் கட்டுகிற தந்திரமோ... "இது காரு ஓட்டம், வீட்டுல நெட்டு நல்லாட்டு இல்லன்னா வண்டி நீங்காது. இது வாளுச் சண்டை, விலை நல்லாக் குறைச்சிருக்கு, சாதனமும் நல்லது, ஆனா ஒண்ணு, இதுல கேறினா ஒரு மாசத்துக்கு ஆளு ரூம விட்டு வெளிய வரமாட்டாவ." வெளியே வரமாட்டாவ... வாள் பிடித்த பயலின் படத்தைப் பெட்டியோடு கவிழ்த்து வைத்தார், வெளியே வராமல் இருப்பதற்கு நிஜினுக்குப் பெட்டி எதற்கு, அவன் சும்மாவே வருவதில்லையே.

நிஜின் அவருக்கு ஒரே மகன், சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதி ரேங்க் லிஸ்டில் பேர் வந்தபோது கொல்லயில் ஊர் முழுக்க அவரே சொல்லித் திரிந்தார், கேட்காதவனையும் நிறுத்திச் சொன்னார், அப்புறம் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, கூப்பிட்டு, இவன் பேருக்குச் சற்று மேலே வந்தபோது லிஸ்டின் காலம் முடிந்துபோயிற்று, வயதும் முடிந்தது, இனி எழுத முடியாது, அதுவரை அவன் இப்படிக் கிடந்ததில்லை, எப்போதும் காதில் அந்தக் கிண்ணங்களை மாட்டிக்கொண்டு, எங்கேயோ இருக்கிற கூட்டாளி அகிலேஷோடு டிவி முன்னால் கூச்சல், எலே விடாதே, எலே பின்னால பாரு, சுவர் அதிரும், இவர் கதவுக்கு வெளியே நின்று கத்துவார், வயசு எவ்வளவு ஆச்சு, பொம்மை வச்சு விளையாடுகதுக்கு வெக்கமில்லியா என்று, அவனோ அந்தப் பக்கத்தில் அகிலேஷிடம் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருப்பான், இப்பம் வேண்டாம்டே, சேலு வரட்டு, சேல்ல எடுக்கலாம்... எதைக் கேட்டாலும் சேல் வரட்டும் என்பான், ஏதோ மழைக்குக் காத்திருக்கிற மாதிரி, இப்போது சத்தமில்லை, ஓணம் கழிந்ததிலிருந்து அந்த விளையாட்டுப் பெட்டியில் வெளிச்சமே இல்லை, மல்லாந்து கிடந்து ஃபேனையே பார்க்கிறான், விளையாடுகிறானே என்று பொரிந்த மனது இப்போது விளையாடவில்லையே என்று கிடந்து அடித்துக்கொள்கிறது, இதை யாரிடம் சொல்ல, சொன்னால் சிரிக்க மாட்டார்களா? போன வாரம் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டினார், இலை விழுகிறது என்று மனைவி அம்மிணியிடம் சொன்னார், இத்தனை வருஷம் விழாத இலையா இப்போது விழுகிறது என்று அவள் கேட்டிருக்க வேண்டும், எதற்கும் வாய் மூடாத பொம்பிளை, கேட்கவில்லை, அவள் கேட்காமல் இருந்ததுதான் அவரை அன்றைக்குத் தின்ன விடாமல் செய்தது, அப்படியானால் அவளும் அதையேதான்... வேண்டாம், அந்த நினைப்பு வேண்டாம், நேற்று பஸ்ஸில் போகும்போது இந்த மாடியில் தொங்கிய துணியில் சேல் என்று எழுத்துக் கூட்டிப் படித்தார், நாளையோடு தீரும் என்றும் இருந்தது, சேல் வந்துவிட்டது, காத்திருந்தவன் எழுந்து பார்க்கவில்லை, இதைவிட என்ன தெரிய வேண்டும்?

கடைசியில் அவர் எடுத்தது ஒரு படத்துக்காக, பேரை வாசிக்கத் தெரியவில்லை, இரண்டு பேர் ஒரு மரத்தடியைத் தோளில் சுமந்துகொண்டு பாலம் கடக்கிறார்கள், முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், பின்னால் வருகிறவனுக்கு வழி தெரியாது, முன்னவன் தோள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கால் வைப்பான், அது சரியாக வரைந்திருந்தது, இதை வரைந்தவன் தடி சுமந்தவனாக்கும் என்று முதல் தடவையாக அந்தக் கடையில் ஒன்றை நம்பினார், ஆனால் நம்பியது பெட்டியின் மேல்பக்கத்தைத்தானே, தூக்கிப் பார்த்தால் கனமே இல்லை, காற்று மாதிரி இருந்தது, குலுக்கினார், சத்தமும் இல்லை, நகம் தானாகவே மூலையில் போய் நின்றது, அவர் நினைத்துச் செய்யவில்லை, சாக்குத் தையலில் நகம் வைத்துப் பழகிய கை, கண்ணாடித் தாள் சர்ரென்று கிழிந்தது, பெட்டியைத் திறந்தார், உள்ளே ஒரு தட்டு, வானவில் பூசின மாதிரி, அவ்வளவுதான், அதையும் வெளியே எடுத்துப் பார்த்தார்.

"ஐயோ அப்பூப்பா! என்ன வேலையாக்கும் காட்டினீங்க?" லிஷாவின் முகத்தில் இப்போதுதான் சிரிப்பு நின்றது. உள்ளே சாதனம் உண்டா என்று பார்க்க வேண்டாமா என்றார் இவர், குற்றம் செய்த தோரணையே இல்லாமல். "சீலு பொட்டிச்சா பின்ன கடையில திரும்ப எடுக்கமாட்டாவ, கேட்டியளா. செரி, போகட்டு. வீட்டுல இருக்க மெசினு டிஸ்க் போடுகதுதானே?" போடுகது என்றால்? "மெசினுல ரெண்டு தரம் உண்டு. ஒண்ணுல டிஸ்க் போட வாயிருக்கும். இன்னொண்ணுல வாயே கிடையாது, எல்லாம் நெட்டு வழி இறக்கணும். வீட்டுல எதாக்கும்?"

எது? வெள்ளைப் பெட்டி, அது தெரியும், டிவிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும், நீல வெளிச்சம் எரியும், இப்போது எரிவதில்லை, வாய்... வாய் எங்கே இருக்கும், முன்னாலா பக்கத்திலா, கண்ணை மூடிப் பார்த்தார், டிவி தெரிந்தது, கட்டிலின் கால் தெரிந்தது, நாற்காலியில் குவிந்து கிடக்கும் துணி தெரிந்தது, அவன் பாதம் தெரிந்தது, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை, கதவுப் பலகையின் விளிம்பு குறுக்கே வந்து மறைத்தது, ஆயிரம் லாரிகளின் அடித்தட்டு அவருக்கு இன்றைக்கும் மனப்பாடம், எந்த வண்டியில் எந்த மூலையில் பலகை இரட்டையாக இருந்தது என்று சொல்வார், சொந்த வீட்டில் ஒரு அறை, அதில் ஒரு பெட்டி, அதற்கு வாய் உண்டா இல்லையா என்று தெரியவில்லை, ஏனென்றால்... ஏனென்றால் அவர் உள்ளே போனதே இல்லையே, எல்லாக் கத்தலும் கதவுக்கு வெளியே நின்று கத்தியதுதானே, கடைசியாக எப்போது உள்ளே கால் வைத்தார், ஃபேன் மாட்டினபோதா? அந்த நினைப்பு அங்கேயே நின்றது, ஃபேனில் போய் நின்றது, உடனே சட்டைப் பையில் இருந்த பட்டன் போனை எடுத்தார்.

அம்மிணி எடுத்ததும், கேட்டியளா, வெட்டுக்கத்திக்குப் பிடி போட்டு வாறேன்னு போன மனுசன் பிடி செய்ய மரம் நட்டுட்டா நிக்குதீரு என்று தொடங்கினாள். அதை விடு, அவன் அறையில் இருக்கிற வெள்ளைப் பெட்டிக்கு வாய் உண்டா என்று போய்ப் பார் என்றார். "வாயா? உமக்கு வெயிலு கொண்டாச்சா?" பாருட்டீ என்று அவர் அதட்டியதில் கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள், அவள் செருப்பை இழுத்துக்கொண்டு நடப்பது போனில் கேட்டது, அப்புறம் நின்றது. "கதவு சாத்திக் கிடக்கு." சாத்தியா, கொண்டி போட்டா? "கொண்டி போட்டுத்தான்." பகலில் அவன் கொண்டி போடுவதில்லையே, மல்லாந்து கிடந்தாலும் திறந்துபோட்டுத்தானே கிடப்பான்... தட்டு என்றார், அவள் தட்டினாள், மக்கா என்றாள், மறுபடி தட்டினாள், நிஜினே, எலே, கதவத் தொற என்றாள், கையில் இருந்த தட்டில் கடை விளக்குகள் வட்டமாகச் சுற்றின, லிஷா தண்ணீர் வேணுமா அப்பூப்பா என்று கேட்டது எங்கேயோ கேட்டது, பெரிய ஆஸ்பத்திரி இங்கிருந்து பக்கம்தான், வீடுதான் தூரம், பாறசாலை பஸ் கீழே நிற்கிறதா, கதவின் கொண்டி எப்படிப்பட்டது, ஒரு மிதிக்குத் தாங்குமா, அம்மிணியால் மிதிக்க முடியுமா, கிணற்றை மூடினாயே, கிணற்றை மட்டும் மூடினாயே மடையா, கொண்டியைக் கழற்றினாயா...

கதவு கிறீச்சிட்டது. குளிச்சிட்டு துணி மாத்துகேன், என்னத்துக்குக் கிடந்து உடைக்குதிய என்று ஒரு குரல், தூரத்தில், எரிச்சலோடு. அந்த எரிச்சல் கேட்டதும் சுயம்பு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு உன் பெட்டியில் வாய் உண்டா என்று தெரிய வேண்டுமாம் என்று அம்மிணி சொல்வதும், அப்புறம் போன் கைமாறுகிற உரசலும் கேட்டன.

"அப்பா, எங்க நிக்குதிய?"

கடையில் என்றார். என்ன கடை என்றான். கேம் கடை என்றார், அந்தச் சொல் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

"என் மெசினுல டிஸ்க் போடாதுப்பா. அது வாயில்லாத்தது, விலை குறைவுன்னுதான் அத எடுத்தேன். எடுக்கண்டாம், வச்சிட்டு வாங்க."

"சீலு பொட்டிச்சாச்சு மக்கா."

"பொட்டிச்சியளா? என்னத்துக்கு?"

"உள்ள சாதனம் உண்டான்னு பாக்க."

மூக்கு வழியாக ஒரு காற்று வந்தது போனில், சிரிப்பா, இல்லை அழுகையா, இதைத் தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்காது, வெறும் காற்றில் என்ன தெரியும், மறுபடி ஒரு தடவை வராதா என்று போனைக் காதோடு அழுத்தினார், வரவில்லை, கேமுக்கு என்ன பேர் என்று மட்டும் கேட்டான், வாசிக்கத் தெரியாது, ரெண்டு ஆளு ஒரு தடியச் சொமந்துட்டுப் பாலத்துல போறாவ, முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன் என்று படத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் கட்டில் முனகியது, உட்கார்ந்தான் போலிருக்கிறது.

"அது எனக்குத் தெரியும். நல்ல கேமுதான். நெட்டுலயும் அதுக்கு இப்பம் சேலு உண்டு. ஆனா அத ஒத்தைக்கு விளையாட முடியாதுப்பா, ரெண்டு ஆளு வேணும். பக்கத்துல இருந்து விளையாடணும்."

அகிலேஷ் என்று சொல்ல வாயெடுத்தார், அகிலேஷுக்கு வேலை கிடைத்துக் கண்ணூர்ப் பக்கம் போனது ஞாபகம் வந்தது, வேறு யார், அவனுக்கு வேறு யார் உண்டு, யோசித்துப் பார்த்தால் ஒரு பேரும் வரவில்லை, அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை, போனை வைக்கவும் இல்லை, இவன் ஏன் வைக்கவில்லை, என்ன கேட்கிறான், கேட்கிறானா, இல்லை சும்மா சொன்னானா... கீழே பாறசாலை பஸ் மணியடித்துக் கிளம்பியது, அதைப் பிடித்திருக்கலாம், அடுத்தது எப்போதோ, தட்டை எண்ணெய்ப் பிசுக்கான தன் கட்டைவிரல் படாமல் ஓரத்தில் பிடித்திருப்பதை அப்போதுதான் கவனித்தார், இந்த விரலுக்கு அந்தச் சின்னப் பொத்தான்கள் அகப்படுமா, நாற்காலியில் துணி கிடக்கிறது, அதை எடுத்து எங்கே வைப்பது, கட்டிலிலா, தரையிலா, அவனோடு ஒரு பக்கமாக உட்கார்ந்தால் எதைப் பேச வேண்டியிருக்கும், அதுதான் இவ்வளவு நாளும் கதவுக்கு வெளியே நிறுத்தியதோ, இதுவரை இருந்த பயம் போகவில்லை, அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது, இது எதற்கென்று தெரியவில்லை, வெட்கம் மாதிரியும் இருந்தது, தட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, போனை மறு காதுக்கு மாற்றினார்.

"அதுல... நடக்கதுக்கு எந்தப் பொத்தானு?"