சாக்ஸ் போட ஒரு ஆள்

ஷூ கடையில் அவருக்கு அரை நம்பர் என்று பெயர். யார் வந்தாலும் பாதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அரை நம்பர் பெருசா எடுங்க, சாயங்காலம் கால் வீங்கும்" என்பார். காலமெல்லாம் தரையில் முட்டி போட்டு, அடுத்தவர் காலைத் தன் தொடைமேல் தாங்கி, ஷூ மாட்டிவிட்டவர். முட்டி தேய்ந்துபோனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எலும்போடு எலும்பு உரசி, மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறும் நிலை வந்த பிறகுதான் ஆபரேஷனுக்குச் சரி என்றார்.

இப்போது வலது காலில் உலோக முட்டி. தழும்புக்கு மேலே, விரலிலிருந்து தொடை வரை இறுக்கிப் பிடிக்கும் வெள்ளை சாக்ஸ். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அதைப் போட்டே இருக்க வேண்டும். கழற்றிக் குளித்தாலும் உடனே மாட்டிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொன்னார்கள்.

"வீட்ல மாட்டிவிட ஆள் இருக்குல்ல?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஓ, இருக்காங்களே."

அதற்கு முன்பே ஒரு பொய் சொல்லி வைத்திருந்தார். ஊரில் தங்கை, படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனை விட்டு அசைய முடியாதவள். ஆபரேஷன் என்றதும், "நான் கிளம்பி வர்றேண்ணா, இவரை யார்கிட்டயாவது விட்டுட்டு வர்றேன்" என்று அழ ஆரம்பித்தாள். அவளைத் தடுக்க, "கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் வந்து தங்கிப் பார்த்துக்கிறாரும்மா" என்று அளந்துவிட்டார். அவளும் சும்மா இருப்பாளா? தினமும் அந்த மனிதரைப் பற்றிக் கேட்டாள். இவரும் விடவில்லை. அவர் டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறார், குறட்டை விட்டே தூக்கத்தைக் கெடுக்கிறார் என்று புகார்கூடச் சொன்னார். போனை வைத்ததும் அந்த மனிதர் போய்விடுவார். அறையில் ஃபிரிட்ஜ் மட்டும் முனகிக்கொண்டிருக்கும்.

நர்ஸ் மாட்டிவிட்ட சாக்ஸை அவர் கழற்றவே இல்லை. கழற்றினால் போட முடியாது என்று தெரியும். ஆனால் இன்று காலை அரிப்பு உயிரை எடுத்தது, நாற்றம் வேறு. குதிகாலை ஷூவுக்குள் வழுக்கிவிடும் நீளமான ஷூ கரண்டியை உள்ளே விட்டு நெம்பி, ஒரு வழியாகக் கழற்றித் துவைத்துப் போட்டார். குளித்தார். சுகம் என்றால் அப்படி ஒரு சுகம்.

சாக்ஸ் காய்ந்த பிறகுதான் வினை. கடையை விட்டு வரும்போது கொடுத்த, கால் வைத்து ஷூ மாட்டும் சரிவுப் பலகை ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினார். முட்டி மடங்க மறுத்தது. கை கணுக்காலோடு நின்றுவிட்டது. கடையில் ஏறாத பூட்ஸை ஏற்ற, பாதத்தில் வழவழப்பான பிளாஸ்டிக் பை மாட்டும் வித்தை அவருக்குக் கைவந்த கலை. இன்று அந்தப் பை கால்விரலைத் தொடாமலேயே நழுவி விழுந்தது. ஷூ கரண்டியும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஊரில் உள்ளவர்கள் காலுக்கெல்லாம் மாட்டியாகிவிட்டது, தன் காலுக்கு மாட்ட வழியில்லை.

மதியம் கால் பளபளவென்று வீங்கியது. கட்டைவிரலால் அழுத்தினார். பள்ளம் மேலே வரவில்லை.

அதே மாடியில், எதிர் வீட்டில் ஒருவர் இருந்தார். இரவெல்லாம் பேக்கரியில் ரொட்டி சுட்டுவிட்டுப் பகலில் தூங்குபவர். இவருடைய வாக்கர் சத்தம் பொறுக்காமல் போன வாரம் கதவைத் திறந்து, "உள்ள குதிரையா வளர்க்கறீங்க?" என்று கத்தியவர். அவர் கதவையா தட்டுவது? வெறுங்காலைப் பார்த்தார். வாக்கரைப் பிடித்து எழுந்தார்.

ரொட்டிக்காரர் கைலியை இறுக்கிக்கொண்டு, பாதிக் கண்ணோடு வந்து நின்றார். "என்ன, குதிரை தப்பிச்சிருச்சா?"

அரை நம்பர் சாக்ஸை நீட்டினார். "இதை… கொஞ்சம் மாட்டிவிடணும். என்னால முடியல."

ரொட்டிக்காரர் சாக்ஸைப் பார்த்தார். காலைப் பார்த்தார். "இப்படி வீங்கியிருக்கே! எப்போலேர்ந்து? நடங்க, நடங்க."

இவர் கட்டிலில் உட்கார, அவர் தரையில் முட்டி போட்டார். காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். அரை நம்பருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. அவர் காலை இதுவரை யாரும் அப்படி வைத்துக்கொண்டதில்லை.

"இழுக்காதீங்க. குதிகால் வரைக்கும் உள்பக்கத்தை வெளியே திருப்புங்க. முதல்ல விரல், அப்புறம் குதிகால்."

"மாவு பிசையறது இதைவிடச் சுலபம்யா."

சாக்ஸ் முட்டி வரை வந்தபோது போன் அடித்தது. தங்கை. கை தவறி ஸ்பீக்கரில் விழுந்தது.

"அண்ணா, கூட இருக்காரே, அவர்கிட்ட குடு. நாலு வார்த்தை நன்றி சொல்லணும்."

அவர் வாயைத் திறப்பதற்குள் ரொட்டிக்காரர் குனிந்தபடியே, "கூட யாரும் இல்லம்மா, தனியாத்தான் கிடக்காரு. நான் எதிர் வீடு. சாக்ஸ் மாட்டிட்டு இருக்கேன்" என்றார்.

அரை நம்பர் சுவரைப் பார்த்தார்.

"அப்போ அந்தக் குறட்டை?" என்றாள் தங்கை.

"அது என்னோடதா இருக்கும்" என்றார் ரொட்டிக்காரர். "இங்க கதவெல்லாம் மெல்லிசு."

அவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்: "நாளைக்கும் மாட்டிவிடுவீங்களா?"

"பார்ப்போம்மா. வேலை முடிஞ்சு காலையில வருவேன்" என்று எழுந்தார். போகும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூ கரண்டியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தங்கை திட்டித் தீர்த்தாள். கடைசியில், "இனிமே பொய் சொன்னே, புருஷனைத் தூக்கிக்கிட்டே வந்து நிப்பேன்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் அவர் சாக்ஸைக் கழற்றிக் கால் கழுவி, குதிகால் வரை திருப்பித் தயாராக மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். பார்ப்போம் என்றவர் வருவாரா? படியில் காலடி கேட்டது. மேலே வந்தது. எதிர் வீட்டுப் பூட்டு திறந்தது. கதவு சாத்திக்கொண்டது.

அவர் கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். தூக்கம் வருமே மனுஷனுக்கு. ஷூ கரண்டியை எடுத்து, குனிந்து, சாக்ஸின் வாயை விரலுக்கு நேரே பிடித்தார்.

கதவு தட்டப்பட்டது. ரொட்டிக்காரர் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கையெல்லாம் மாவு. கழுவிட்டு வந்தேன். சாக்ஸ்ல ஒட்டிக்கும்ல."

"சாக்ஸும் வெள்ளைதானே" என்றார் அரை நம்பர். ரொட்டிக்காரர் முட்டி போடப் போனதும் அவசரமாகச் சரிவுப் பலகை ஸ்டூலை இடது காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

"தரையில வேணாம். இதுல உக்காருங்க. அப்புறம் உங்களுக்கு யாரு மாட்டிவிடறது?"