வசனம் இல்லாத வரி

“பிரதர், இந்தப் பாட்டுல ‘ஆண்டவரே’ன்னு வர்ற இடத்துல எல்லாம் ‘மிஹாயெலா’ன்னு போட்டுப் பாருங்க. வேற ஒண்ணும் மாத்த வேணாம். பையன் நேரா அவ வீட்டு ஜன்னலுக்குக் கீழ நின்னு பாடலாம்,” என்றார் கொர்னேல்.

யோசிஃப் வாயில் இருந்த பூசணி அப்பம் தெறிக்கச் சிரித்தார். ஒத்னியேலும் சிரித்துவிட்டு, சிவப்புப் பென்சிலால் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற அவன் மனைவி வெதூரியா மட்டும் சிரிக்கவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று போயிற்று. மேஜையில் இன்னும் மூன்று தாள் இருந்தது. அதில் ஒன்று அவள் எழுதியது. அது அந்த மூவருக்கும் தெரியாது.

இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை, மாலை நாலு மணிக்கு இந்த மூவரும் ஒத்னியேல் வீட்டுச் சமையலறையில் கூடுவார்கள். சபை அறையில் அடுப்பு புகைகிறதாம். வெதூரியா சுடும் அப்பம்தான் காரணம் என்பது ஊருக்கே தெரியும். கொர்னேல் ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர். யோசிஃப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். ஒத்னியேல் பாடகர் குழுவை நடத்துகிறவன், இந்தக் குழுவுக்கும் அவன்தான் தலைவன். கிறிஷ் ஆற்றோரத்து ஒன்பது பாப்டிஸ்ட் சபைகளில் யார் புதுப் பாட்டு எழுதினாலும் இந்த மேஜைக்கு வந்தாக வேண்டும். தயவு தாட்சண்யம் கூடாது என்று செயலாளர் பெயரை எடுத்துவிட்டு டைப் அடித்து அனுப்புவார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதிகாரமும் வசனமும் சிவப்பில் எழுதப்பட வேண்டும். வசனம் கிடைக்காத வரி விழும், அதோடு பாட்டும் விழும். தாவீது ராஜாவே வந்து நின்றாலும் பாதி சங்கீதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் போயிருப்பார். அதை இவர்கள் முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஆள் இல்லை.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒத்னியேலும் வெதூரியாவும் முரேஷ் ஆற்றங்கரையில் வேறொரு ஊரில் இருந்தார்கள். மகள் சுசானாவுக்கு அப்போது நாலு வயது. அக்டோபரில் ஒரு நாள் ஒத்னியேல் மக்காச்சோள வண்டியை முற்றத்துக்குள் ஓட்டி வந்தான். வெளிக்கதவைத் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டான். நடந்தது அவ்வளவுதான். இருபது நிமிஷம் கழித்துத்தான் குழந்தையைக் காணோம் என்று தெரிந்தது. ஆற்றில்தான் கிடைத்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் வெதூரியா கொட்டகைக்குள் போனபோது அவன் வைக்கோலில் கயிற்றோடு உட்கார்ந்திருந்தான். ஓடிப்போய்ப் பாஸ்டரைக் கூட்டி வந்தாள். அவர் இரண்டு மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு அவன் எழுந்தான். பிறகு இந்த ஊருக்கு வந்தார்கள். யார் கேட்டாலும் “ஒரு மக இருந்தா, கர்த்தர் எடுத்துக்கிட்டார்” என்பான். காய்ச்சல் கீய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

வெதூரியாவோ அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். நாலு வயதுக் குழந்தையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டவரிடம் எப்படிக் கைகூப்பிப் பேசுவது? அவர் எடுக்கவில்லை, கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் அவளால் ஜெபம் பண்ண முடிந்தது. பதினோரு வருஷமாகத் தனியாகவே நம்பி நம்பி ஓய்ந்துபோய்விட்டாள். ஒரே ஒரு தடவையாவது சபையில் இருநூறு பேர் வாயால் அதைக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. செப்டம்பரில் ஒரு காகிதத்தில் பாட்டாக எழுதி, சந்தைக்குப் போகும் சாக்கில் செயலாளர் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். ஒத்னியேல் கண்டுபிடித்துவிட்டால்? வாசல் திறந்து கிடந்த வீடு உலகத்தில் நம் வீடு ஒன்றுதானா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இரண்டாவது தாள் சுலபமாகத் தேறியது. மூன்றாவதை எடுத்து யோசிஃப் படித்தார். பேருந்தில் பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல் அவருக்கு.

“ஆண்டவரே, அவளை நீர் எடுக்கவில்லை.
வாசல் திறந்து கிடந்தது, ஆறு பக்கத்தில் ஓடியது.
நீரும் எங்களோடு கரையில் நின்றீர்,
நீரும் எங்களோடு அழுதீர்.”

படித்து முடித்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. அப்பத் தட்டை மெல்லத் தள்ளி வைத்தார்.

“முதல் வரிக்கு வசனம்?” என்றான் ஒத்னியேல். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

“மத்தேயு பதினெட்டு,” என்றார் கொர்னேல். “இந்தச் சின்னதுங்கள்ல ஒண்ணு கெட்டுப்போறதும் பிதாவோட சித்தம் இல்லைன்னு வருதே.”

“அது வழி தப்பின ஆட்டைப் பத்தினது. ஆத்துமா விஷயம். சாவைப் பத்தி இல்ல.”

“சரி, கடைசி வரி? லாசரு கல்லறையில இயேசு அழுதார்ல?”

“கடைசி வரி நிக்கும். நான் கேட்டது முதல் வரி. யோபு ஒண்ணு, இருபத்தொண்ணு. கர்த்தர் எடுத்தார்னு இருக்கு. பாட்டு எடுக்கலங்குது. ரெண்டுல ஒண்ணுதான் சரியா இருக்க முடியும்.”

கொர்னேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படிச் சொன்னது பிள்ளைங்களப் பறிகொடுத்த யோபு, பிரதர். கர்த்தர் சொல்லல. அந்தப் பிள்ளைங்க தலையில வீட்டை இடிச்சுப் போட்டது யாருன்னு அதே அதிகாரத்துல கொஞ்சம் மேல பாருங்க. சாத்தான்.”

“கொஞ்சம் கீழயும் பாருங்க. யோபு பாவம் செய்யல, தேவனைக் குறை சொல்லலன்னு அடுத்த வசனமே இருக்கு.”

“துக்கத்துல பேசினதுக்குத் திட்டு வாங்கலங்கறது வேற, பேசினதெல்லாம் உபதேசம்ங்கறது வேற. நாப்பது வருஷம் கன்னுக்குட்டி செத்த வீடுங்களுக்குப் போயிருக்கேன். மேல இருக்கிறவர் எடுத்துக்கிட்டார்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. பாதி வீட்டுல கொட்டகைக் கதவ ஒழுங்கா சாத்தியிருக்க மாட்டான்.”

வெதூரியா திரும்பிப் பார்த்தாள். ஒத்னியேலின் காது இரண்டும் சிவந்திருந்தன. இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது போதும். அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“அவர் கைய மீறி ஒரு பிள்ளை சாகுதுன்னா அவர் சர்வவல்லவரே இல்ல,” என்றான் ஒத்னியேல். “இதப் பாடவெச்சுட்டு, நாளைக்குப் பிள்ளையப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய் நாம என்னன்னு ஆறுதல் சொல்றது?”

“எழுதினவங்களும் பறிகொடுத்தவங்கதானே, பிரதர்?” என்றார் யோசிஃப். சாப்பாட்டைத் தவிர வேறொன்றுக்கு அவர் வாயைத் திறந்தது அபூர்வம். “அவங்களுக்கு இதுதான் ஆறுதலோ என்னவோ.”

“நமக்குக் குடுத்த வேலை ஆறுதல் பார்க்கறது இல்ல. வசனம் பார்க்கறது.”

கொர்னேல் நாற்காலியைத் திருப்பினார். “நீங்க சொல்லுங்க, சிஸ்டர். பொம்பளை எழுதின மாதிரிதான் எனக்குப் படுது. இது தப்பா?”

ஒரு வார்த்தை போதும். இரண்டு பேர் அவள் பக்கம் சாயத் தயாராக இருந்தார்கள். ஆனால் ஒத்னியேல் தலை நிமிரவில்லை, அந்தக் காதுகள் இன்னும் சிவந்தே இருந்தன.

“எனக்கு என்ன தெரியும், பிரதர். வசனம் தெரிஞ்சவங்க நீங்க,” என்று காப்பியை ஊற்றினாள்.

“மூணு பேரும் ஒத்துக்கிட்டாத்தானே பாட்டு. நீங்க மாட்டேன்னா நாங்க என்ன பண்றது,” என்று கொர்னேல் சலித்துக்கொண்டார். ஒத்னியேல் தாளின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தான். நாலாவது தாளை யாரும் மனசு வைத்துக் கேட்கவில்லை. அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டு, குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள்.

வெதூரியா தட்டுகளை எடுக்கவில்லை. அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“எப்ப தெரிஞ்சுது?”

“யோசிஃப் முதல் வரி படிச்சப்பவே.”

“தெரிஞ்சுமா அடிச்ச?”

“தெரிஞ்சதாலதான் அடிச்சேன்.” தாள்களை அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான். “இருநூறு பேர் நின்னு, அவர் எடுக்கலன்னு பாடுவாங்க. நான் முன்னால நின்னு கைய ஆட்டணும். அவர் எடுக்கலன்னா வேற யாரு எடுத்தா, வெதூரியா? பதினோரு வருஷமா நீ ஒரு வார்த்தை சொல்லல. இப்ப சொல்லு. கேட்டுக்கறேன்.”

பதில் நாக்கு நுனியில் நின்றது. அந்த நிமிஷம் அவளுக்கு அவன் மேல் வெறுப்பு பொங்கி வந்தது. தாழ்ப்பாளை மறந்ததற்காக இல்லை. அவளுக்கு இருந்த ஒரே பிடிமானத்தைக் கோடு போட்டு அழித்துவிட்டு, இப்போது தன் உயிரையும் அவள் கையிலேயே கொடுத்துக் கேட்கிறானே என்றுதான். சொல்லிவிடலாம். சொன்னால் இவன் எங்கே போவான் என்பதும் அவளுக்குத் தெரியும். இந்த வீட்டுக்குப் பின்னாலும் ஒரு கொட்டகை இருக்கிறது.

“கர்த்தர்தான் எடுத்தார்,” என்றாள்.

அவன் கண்ணை மூடி மூச்சு விட்டான். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

“அப்ப பாட்டு தப்புதானே?”

“தப்புதான்.”

அவன் தலையை ஆட்டிவிட்டு, முதல் வரிக்குப் பக்கத்தில் யோபு ஒன்று, இருபத்தொன்று என்று நிதானமாக எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முந்தின ஜெப வேளையில் ஒவ்வொருவராக எழுந்து வாய்விட்டு ஜெபம் பண்ணினார்கள். பெண்கள் வரிசையில் எப்போதும் மூன்றாவதாக எழுகிறவள் வெதூரியா. அன்றும் எழுந்தாள். முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பிதாவே என்று தொடங்க வேண்டும். தினம் சொல்கிற வார்த்தைதான். அவர் எடுக்கவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளப் பார்த்தாள், அன்று தன் வாயால் சொன்னதுதான் காதில் கேட்டது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. எம் பிள்ளைய எதுக்கு எடுத்தீர் என்பதைத் தவிர அவரிடம் கேட்க அவளுக்கு ஒன்றுமே இல்லை. எடுத்தவரிடம் அதைக் கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது? சபை பொறுமையாக இருந்தது. யாரோ இருமினார்கள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு உட்கார்ந்தாள்.

மனசுக்குள்ளேயே ஜெபித்து முடித்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டு, ஆண்கள் வரிசையிலிருந்து ஒத்னியேல் கணீரென்று “ஆமென்” என்றான்.