வைரவரைப் பார்த்த கதவு

"ஒரு நாளைக்கு எத்தின கப் தண்ணி குடிக்கிறீங்க?" என்று நேர்ஸ் கேட்டபோது, தனுஷா தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கதிர்காமத்தம்பிதான் பதில் சொன்னார். "தண்ணிக்கு ஒரு குறையுமில்ல மிஸ்ஸி. பவுசர் ஒவ்வொரு நாளும் வருது. நானே குடத்த நிரப்பி வெச்சிட்டுத்தான் வேலைக்குப் போறன்."

அது உண்மைதான். சுனாமியில் கடல் வந்துபோன பிறகு பெரியகல்லாற்றுக் கிணறுகள் உப்பாகிப் போய், முகாமில் எல்லோருக்கும் லொறியில் வரும் பவுசர் தண்ணீர்தான். மனைவி சின்னத்தங்கம் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். கூடாரத்தில் அப்பனும் மகளும் மட்டும். தாய் இல்லாத இடத்தில் குடமாவது நிறைந்து கிடக்கிறதே என்று அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையோடுதான் பதிலும் சொன்னார்.

நேர்ஸ் அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மகளோடு தனியே பேசினாள். பிறகு கதவடிக்கு வந்து, மருந்துக்கு வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"புள்ளைக்குச் சிறுநீர்ல கிருமி. முதுகு வரைக்கும் ஏறியிருக்கு. அதுதான் இந்தக் காய்ச்சலும் நடுக்கமும். மாத்திரை தாறம். ஆனா தண்ணி குடிக்காம, அடக்கிக்கொண்டும் இருந்தா திரும்பத் திரும்ப வரும். கிட்னியப் பழுதாக்கிப்போடும். ஏன் குடிக்கிறல்ல எண்டு வீட்ட கேளுங்க. எனக்கும் சொல்றாளில்ல."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வயசுக்கு வந்த பிள்ளையின் சங்கதியை இப்படி ஊர் கேட்கச் சொல்லுகிறாளே என்று முதலில் அவருக்கு நேர்ஸ் மீதுதான் கோபம் வந்தது.

திரும்பி வரும்போது சைக்கிளின் பின்னால் இருந்தவளின் காய்ச்சல் சூடு அவர் முதுகில் படிந்தது.

"தண்ணி மருந்து மணக்குதா மகள்?"

"இல்லப்பா."

"மறுகா ஏன் குடிக்கிறாயில்ல?"

அவருடைய சேட்டுத் துணியைப் பிடித்திருந்த கை விலகிக்கொண்டது.

பின்னேரம் பக்கத்துக் கூடாரத்துச் சீதேவிப்பிள்ளை மல்லி அவித்த தண்ணீர் கொண்டுவந்தாள். அவருக்கு மச்சாள் முறை. வாய்க்காரி. மகள் கண்ணயர்ந்த பிறகு அவர் வெளியே வந்து, நேர்ஸ் சொன்னதை அரைகுறையாக விழுங்கி விழுங்கிச் சொன்னார்.

"இதக் கேக்க உங்களுக்கு ஆசுபத்திரிக்குப் போகவேண்டிக் கிடந்திச்சா மச்சான்? நீங்க கட்டின கக்கூசுதான்."

முகாமின் எட்டுக் கக்கூசுக்கும் குழி வெட்டி, மரச்சட்டம் நிறுத்தித் தகரம் அடித்தது அவர்தான். இஞ்சினியர்ப் பொடியன் கொண்டுவந்த படத்தில் கதவுகள் பின்பக்கம் பார்த்துத்தான் இருந்தன. பின்பக்கத்தில் வேம்பின் கீழே வைரவர் சூலம். சாமிக்கு முன்னால் கக்கூஸ் வாசல் வைக்கேலாது என்று இவர் ஒரேயடியாக நின்றார். பொடியனும் தலையாட்டிவிட்டான். எட்டுக் கதவும் முன்பக்கம், தண்ணீர்த் தாங்கியும் கரம் பலகை விளையாடும் கொட்டிலும் இருக்கும் வெளியைப் பார்த்துத் திரும்பின. அடுத்த பூசையில் திருநீற்றுத் தட்டை முதலில் அவரிடம்தான் நீட்டினார்கள்.

"வாளியோட ஒரு பொம்புள நடந்தா முழு முகாமும் பாக்குது. கரம் அடிக்கிறவனுகள் விசிலடிப்பானுகள். உள்ளுக்குப் போனா எண்ணுவானுகள், ஒண்டு, ரெண்டு எண்டு. வெளிய வந்தா, 'பஸ் வெளிக்கிட்டிட்டு' எண்டு கொண்டக்டர் மாதிரிக் கத்துவானுகள். அதால விடியாமல் ஒருக்கா, இருட்டினாப் பிறகு ஒருக்கா, நாலைஞ்சு பேர் சேந்து போறம். அதுக்கு அளவாத்தான் குடிக்கிற. உங்கட மகள் மட்டுமில்ல, நானும்தான்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பகிடியை அவருக்குத் தெரியும். வேலையில்லாத நாளில் அவரும் அந்தக் கொட்டிலின் மர வாங்கில்தான் இருப்பார். ஒருநாள் 'பஸ் வெளிக்கிட்டிட்டு' என்று எவனோ சொல்ல, பீடிப் புகை மூக்கிலேற இருமி இருமிச் சிரித்திருக்கிறார். வெளியே வந்தவள் யாரென்று அவர் கவனிக்கவில்லை. குனிந்த தலையும் நீல வாளியும்தான் ஞாபகம் இருந்தன. நிவாரணத்துக்குக் கொடுத்தது, முகாமில் எல்லா வாளியும் ஒரே நீலம்.

கூடார வாசலில் அவர்களுடைய வாளி கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி வைக்கப் போனவர், பிறகு தொடாமல் விட்டார்.

மறுநாள் வெள்ளென அலவாங்கோடும் சுத்தியலோடும் போனார். வேம்படியில் ஒரு கணம் நின்றார். கும்பிடக் கை எழவில்லை. சூலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முதல் கக்கூசின் பின்தகரத்தைக் கழற்றத் தொடங்கினார். சத்தத்துக்கு ஆட்கள் கூடினார்கள்.

"கதிர்காமண்ணே, விசர் கிசர் பிடிச்சிட்டா? அங்கால வைரவரெல்லுவா இருக்கார்!" கரம் கொட்டிலில் எப்போதும் இவருக்குப் பக்கத்தில் இருக்கும் விஜிதரன்தான் கேட்டான். "நீங்கதானே அண்டைக்கு அந்தத் துள்ளுத் துள்ளினீங்க!"

அவர் அடுத்த ஆணியைப் பிடுங்கினார். என்ன சொன்னாலும் மகளின் பேரைச் சபையில் இழுத்ததாகிவிடும். சீதேவிப்பிள்ளைதான் தாங்கியடியிலிருந்து குரல் விட்டாள்.

"வைரவர் பாத்தாப் பாத்திட்டுப் போறார். அவர் விசிலடிக்கிறவரில்ல!"

தண்ணீருக்கு நின்ற பெண்களில் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னொருத்தி. விஜிதரன் தலையைச் சொறிந்தான்.

"இந்தத் தகரத்தப் பிடி," என்றார் கதிர்காமத்தம்பி, அவனுடைய முகத்தைப் பார்க்காமல். "நீயும் நானும் சிரிச்ச சிரிப்புக்குப் பிடி."

அவன் நின்றான். பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்காததுபோல, கீழே விழுந்த ஆணிகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

மத்தியானத்துக்குள் ஒரு கதவுதான் திரும்பியிருந்தது. பழைய வாசலில் தகரம் அடித்து மூடியாயிற்று. மிச்சம் ஏழும் வெளியைப் பார்த்தபடியே நின்றன. அவர் கூடாரத்துக்கு வந்து வெளியே குந்தி, சிரட்டையால் தண்ணீர் அள்ளிக் கையில் படிந்த துருவைக் கழுவினார். அவருக்குப் பின்னால் தனுஷா எழுந்து நடப்பது கேட்டது. வாளியின் கைப்பிடி கிறீச்சிட்டது. வேம்புப் பக்கமாகப் போகிற காலடி.

அவர் திரும்பவில்லை. அவள் வந்து உள்ளே போன பிறகும் திரும்பவில்லை. இனி எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

உள்ளே குடத்து மூடி நகர்ந்தது. கப் தண்ணீரில் அமிழ்ந்து எழுகிற சத்தம். அவள் மிடறு மிடறாகக் குடிப்பது கேட்டது. மறுபடியும் அமிழ்ந்தது. அவர் உதடு தன்பாட்டில் ஒண்டு, ரெண்டு என்று அசைந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார். எப்போதோ போய்விட்ட துருவைக் கையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.