கரண்டி பிடித்தவர் பேசலாம்

ராஜவேலுவுக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும் என்று உப்பளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது 'ம்'. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே அவன் கல்யாணம் பண்ணி, ரெண்டு பிள்ளை பெற்று, ஏழு வருஷம் குடித்தனமும் நடத்திவிட்டான். கூடையைத் தூக்கு என்பதற்குக் குட்டையாக ஒரு 'ம்'. சோறு போதும் என்பதற்கு மூக்கு வழியாக ஒன்று. இழுத்துச் சொன்னால், உங்க அம்மா வீட்டுக்கு இப்ப எதுக்கு என்று அர்த்தம். அவன் பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை வாரி வரப்பில் ஏற்றுவான். அம்சவல்லி அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு உப்புக் குவிந்த அம்பாரத்துக்கு நடப்பாள். விடியற்காலையிலிருந்து வெயில் ஏறும்வரை ரெண்டு பேருக்கும் நடுவில் போக்குவரத்து அந்த 'ம்' ஒன்றுதான்.

முன்பெல்லாம் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. வீட்டில் பேசுவதற்கென்றே அம்சவல்லியின் தங்கை சின்னப்பாப்பா இருந்தாள். பத்தொன்பது வயசு. அக்காள் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தாய்வீடான பிரம்மதேசத்திலிருந்து வந்தவள். அவள் சிரித்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும். போன மார்கழியில், கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, பையை எடுத்துக்கொண்டு மீனவர் குப்பத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் மிஞ்சியது பெரியவன் சதீஷின் தொணதொணப்பும் ராஜவேலுவின் 'ம்'மும்தான். அந்த 'ம்'மிலும் பாதி குறைந்துபோயிற்று.

இதில் மாட்டிக்கொண்டவள் சின்னவள். ரெண்டு வயசு முடிந்தும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. வேண்டியதைக் கையால் காட்டுவாள். காட்டிவிட்டு அப்பன் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு 'ம்' என்பாள். பெயர் அருள்மொழி.

"பேருல மட்டும் மொழி இருக்குது" என்றாள் பக்கத்து வீட்டுச் சாலம்மாள். அன்றைக்கு அம்சவல்லி சாப்பிடவில்லை.

வைகாசியில் ஊசி போட வந்த நர்சம்மா பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்தார். திரும்பினாள். நாக்கை நீட்டச் சொன்னார். தேவைக்கு மேலேயே நீட்டினாள்.

"காது நல்லா கேக்குது. நாக்குலயும் ஒண்ணும் இல்ல. வீட்டுல யாராச்சும் பேசுவீங்களா?"

அம்சவல்லி புருஷனைப் பார்த்தாள்.

"ம்" என்றான் ராஜவேலு.

"இதத்தான் கேட்டேன். புருஷனும் பொண்டாட்டியும் புள்ளைக்கு எதிர்ல உக்காந்து தெனம் அரை மணி நேரம் பேசுங்க. மூஞ்சியப் பாத்து. கேட்டுக் கேட்டு அதுவும் பேசும். ஒரு மாசம் கழிச்சு வந்து பாக்கறேன்."

நர்சம்மாவின் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அம்சவல்லி சொல்லிவிட்டாள். "இதோ பாருங்க. ஒரு மாசம் பாப்பேன். எம்பொண்ணு வாயத் தொறக்கலன்னா ரெண்டு புள்ளைங்களையும் தூக்கிக்கிட்டு பிரம்மதேசம் போயிடுவேன். அங்க எங்க அண்ணிங்க மூணு பேர் இருக்காங்க. பேச்சுக்குப் பஞ்சம் இல்ல. நீங்க இங்கயே உக்காந்து உப்புகிட்ட ம் கொட்டிக்கினு இருங்க."

அவள் சொன்னால் செய்வாள். அது ராஜவேலுவுக்குத் தெரியும். அவனுக்கு இன்னொன்றும் தெரியும். வாயைத் திறந்தால் முதலில் எது வெளியே வருமோ, அது வந்துவிடக் கூடாது என்றுதான் அஞ்சு மாசமாக வாயை இறுக்கி வைத்திருந்தான்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் பூவரச மரத்தடியில் பாய் விரித்தார்கள். அருள்மொழி நடுவில். ஆரம்பித்த உடனே சதீஷ் புகுந்தான். பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் பல்பத்தைத் தின்றது, ஒன்னாங்கிளாஸ் டீச்சர் தும்மியது, நாய் குட்டி போட்டது என்று மூச்சு விடாமல் அவனே அரை மணி நேரத்தையும் முடித்துவிடுவான் போலிருந்தது. அம்சவல்லி எழுந்து உள்ளே போய்க் குழம்புக் கரண்டியை எடுத்து வந்தாள்.

"இது யார் கையில இருக்குதோ அவங்கதான் பேசணும். மத்தவங்க வாயத் தொறந்தா இதாலயே ஒண்ணு வெப்பேன்."

அவள் முறை முடிந்து கரண்டி ராஜவேலுவிடம் வந்தது. அவன் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"இன்னிக்கு... வெயில்."

அம்சவல்லி காத்திருந்தாள்.

"நாளைக்கும் இருக்கும்."

"யம்மா, ரேடியோவுல சொல்றா மாதிரியே சொல்றாரு" என்றான் சதீஷ்.

"டேய், கரண்டி உன் கையிலயா இருக்குது?"

ரெண்டாம் நாள் சாலம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அம்சவல்லி கரண்டியை ஓங்கி ஓங்கி என்னவோ சொல்கிறாள். புருஷன்காரன் வாயே திறக்காமல் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறான். பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன. சாலம்மாள் நேராக ஓடிப்போய் உப்பளத்து மேஸ்திரி கலியமூர்த்தியைக் கூட்டிவந்தாள். அவர் வருவதற்குள் கரண்டி கைமாறிவிட்டது. இப்போது ராஜவேலு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சொல்ல ஒன்றும் கிடைக்காமல் பொண்டாட்டியை முறைத்துக்கொண்டிருந்தான்.

"ஏம்பா ராஜவேலு! பொம்பளப் புள்ள மேல கை வெப்பியா?" என்று கலியமூர்த்தி பாய்ந்து கரண்டியைப் பிடுங்கினார்.

நாலு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"என்னா எல்லாரும் சும்மா இருக்கீங்க?"

சதீஷ் கரண்டியைக் காட்டி, அவர்தான் பேச வேண்டும் என்று கையை ஆட்டிச் சாடை காட்டினான். அம்சவல்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். கலியமூர்த்தி கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். அவரை மறித்துப் பேசாமல் அஞ்சு பேர், சாலம்மாளும் சேர்த்து, தன் வாயைப் பார்த்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பாயில் உட்கார்ந்தார். தன் பொண்டாட்டி தன்னிடம் நேராகப் பேசி நாலு வருஷம் ஆகிறது என்றார். சோறு வேணுமா என்பதைக்கூட சுவரைப் பார்த்துத்தான் கேட்கிறாள் என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் உண்டா இது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்படியே மூணு வாரம் ஓடிற்று. ராஜவேலு தன்னிடமிருந்த எல்லாவற்றையும் பேசித் தீர்த்தான். எந்தப் பாத்தியில் உப்பு பூக்கவில்லை, ஏன் பூக்கவில்லை, பாண்டிச்சேரி பஸ் எங்கே எங்கே நிற்கும், சின்ன வயசில் தன்னை முட்டிய மாட்டின் நிறம். அந்த மாட்டை மட்டும் நாலு நாள் இழுத்தான். அருள்மொழி எல்லாவற்றையும் உன்னிப்பாகக் கேட்டாள். முடிந்ததும் 'ம்' என்றாள்.

நர்சம்மா வர அஞ்சு நாள் இருந்தபோது, சாயங்காலம் வேலை முடிந்து வந்தவன் கட்டில்மேல் பிள்ளைகளின் துணிமணிகள் மடித்து அடுக்கியிருந்ததைப் பார்த்தான். பக்கத்தில் வாய் திறந்த பை. அம்சவல்லி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு அவனே போய்ப் பாயை விரித்தான். கரண்டியையும் அவனே எடுத்துவந்தான். எதைச் சொல்வது என்று தேடிப் பார்த்தான். மாடு தீர்ந்துவிட்டது. பஸ்ஸும் தீர்ந்துவிட்டது. உள்ளே ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"அன்னிக்கு..." என்றான். நிறுத்தினான். "அன்னிக்கு எறா வாங்கியாரச் சொன்னது நான்தான்."

சதீஷ்கூட அசையவில்லை.

"நீ தண்ணி எடுக்கப் போயிருந்த. எறா தின்னு நாளாவுதுன்னு சொன்னேன். மார்கழி மாசத்துல மாமாவுக்கு நாக்கப் பாருன்னு சிரிச்சிட்டு உன் தங்கச்சி பைய எடுத்துக்கினு போச்சு. எறா கேக்காம இருந்தா..." கரண்டியைத் திருப்பிப் பிடித்தான். "எறாவாம் எறா. உங்கிட்ட எப்படி சொல்றது?"

அவன் அவ்வளவு பேசி அம்சவல்லி கேட்டதே இல்லை. அவள் கை நீட்டினாள். கொடுக்கத்தான் நினைத்தான், விரல் விடவில்லை. அவள் அப்படியே கரண்டிக் காம்பில் அவன் கைக்கு மேலே தன் கையை வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"வழியில என்னப் பாத்துட்டுத்தான் போனா. மாமா எறா கேட்டாருன்னு சொன்னா. சீக்கிரம் போ, நல்லதெல்லாம் வித்துடும்னு நான்தான் வெரட்டினேன். அத நான் யாருகிட்ட சொல்றது? வாயத் தொறந்தா நீங்க ம் கொட்டுவீங்க."

ராஜவேலு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"அவ எறாவுக்கா போனா?" என்றாள் அம்சவல்லி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "முந்தின நாள்தான் பாண்டிச்சேரியில புது செருப்பு வாங்கியாந்தா. அதப் போட்டுக்கினு நடக்க ஒரு எடம் வேணும் அவளுக்கு. நீங்க தீப்பெட்டி கேட்டிருந்தாலும் குப்பத்து வழியாத்தான் போயிருப்பா."

அந்தச் செருப்பு ராஜவேலுவுக்கும் ஞாபகம் இருந்தது. ஊதாக் கலர். அடுப்படிக்குக்கூட அதைப் போட்டுக்கொண்டு போய் அக்காளிடம் திட்டு வாங்கினாள். நினைத்ததும் அவனுக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணிலும் வந்தது.

அப்போதுதான் அருள்மொழி எழுந்தாள். தள்ளாடி வந்து கரண்டியின் குழியை ரெண்டு கையாலும் பற்றினாள். அம்மா முகத்தைப் பார்த்தாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். கரண்டி இப்போது தன்னிடமும் இருக்கிறது என்பது நிச்சயமானதும் வாயைத் திறந்தாள்.

"எறா."

ஆறு மாசமாக அந்த வீட்டில் யாரும் வாயெடுத்துச் சொல்லாத சொல்.

"எறா!" என்றாள் மறுபடியும், பலமாக. சதீஷ் குதித்தான். வேலிக்கு மேலே சாலம்மாளின் தலை தெரிந்தது. அம்சவல்லி பிள்ளையை அள்ளி எடுத்து வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. கரண்டி எங்கோ போய் விழுந்தது.

அன்றிலிருந்து அருள்மொழிக்கு எல்லாமே எறாதான். காக்கை எறா, பால் எறா, அண்ணன் எறா. உப்பளத்துக்குத் தூக்கிப்போனால் கலியமூர்த்தியைப் பார்த்து எறா என்று கூப்பிட்டாள். அவர், "இன்னாடா கண்ணு?" என்று திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்சவல்லி கட்டில்மேல் இருந்த பையை எடுத்தாள். உள்ளே இருந்த துணிகளைக் கொட்டி உதறினாள். ராஜவேலுவிடம் நீட்டினாள்.

"அரைக் கிலோ. பெருசா பாத்து."

குப்பத்து வழியில் அவன் மார்கழிக்குப் பிறகு போனதில்லை. பெண்ணைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு போனான். வழி நெடுக அவள் எறா, எறா என்று கத்திக்கொண்டே வந்தாள். மீன்காரம்மா கேட்காமலேயே ஒரு கை கூடப் போட்டாள்.

எறாக் குழம்பு கொதிக்கும்போது நர்சம்மாவின் வண்டி வந்து நின்றது. அவர் அன்றைக்கு லீவில், போகிற வழியில் சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்.

"பேச்சு வந்துதா? எத்தன வார்த்த?"

"ஒண்ணுதாங்க" என்றான் ராஜவேலு. குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த கரண்டி அவன் கையிலேயே இருந்தது. "ஆனா நாள் பூரா சொல்லுதுங்க. அது எப்படி வந்துச்சின்னா, எங்க கொழுந்தியா ஒண்ணு இருந்துச்சிங்க. பேரு சின்னப்பாப்பா. அது சிரிச்சா ரோட்டுக்கு அந்தாண்ட கேக்கும். அது ஒரு தரம் புதுசா ஊதாக் கலர்ல ஒரு செருப்பு வாங்கியாந்து..."

நர்சம்மா வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். செருப்பு முடிந்தது. அடுப்படியில் வாங்கிய திட்டு முடிந்தது. அவளை முட்ட வந்த மாடு ஒன்று, அது அவனை முட்டிய மாட்டுக்கு என்ன உறவு என்பது வரைக்கும் வந்தாயிற்று. உள்ளேயிருந்து லேசாகக் கருகல் வாசனை வந்தது.

அம்சவல்லி வெளியே வந்து அவன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.