கவர்மெண்டு குப்பை

கன்னியம்மாவுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் ஏழாம் நாள் போய்விட்டன. இரண்டுக்கும் ஒரே மாதிரிதான். நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று வாய் இறுகிக்கொண்டது. பிறகு உடம்பே விறைத்துவிட்டது. தொப்புளில் சாணமும் சாம்பலும் வைத்ததால் வந்த ஜன்னி அது. பொன்னேரிக்குப் பக்கத்தில் அந்தக் கிராமத்துக்கு நான் நர்ஸாக வந்த நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

1969இல் அவள் மூன்றாவது முறை உண்டானாள். இந்தத் தடவை விடுவதில்லை என்று அந்த வீட்டுக்கு நடையாய் நடந்தேன். மாமியார் குப்பம்மாள், நான் பயந்ததற்கு மாறாக, எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிளேடைக் கொதிக்க வைக்கணுமா, சரி. தொப்புளில் ஒன்றும் வைக்கக் கூடாதா, அதுவும் சரி. ஒன்பதாவது மாதத்தில்தான் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"கொழந்த பொறந்ததும் குப்பையில போட்டு எடுக்கணும் நர்ஸம்மா. ரெண்டு பூட்ச்சில்ல? வேணாம்னு தூக்கிப் போட்ட கொழந்தைய எமன் தொடமாட்டான்."

"தொப்புள் பச்சைப் புண்ணும்மா. அந்த எருக்குப்பையிலதான் விஷமே இருக்குது!"

"இன்னா விஷம்? எனக்கு முன்னால நாலு செத்துச்சு. என்னைக் குப்பையில போட்டு எடுத்தாங்கோ. அதான் இந்தப் பேரு. அம்பது வருசமா குத்துக்கல்லாட்டம் குந்திகினு கீறேன், பாரு."

சாட்சியே எதிரில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தது. வாயில் வந்தபடி கத்திவிட்டு வந்தேன். அறைக்கு வந்து ஆத்திரத்தில் அழுதேன். அழுது முடித்த பிறகுதான் புத்தி வந்தது. அவளும் என்னைப் போலத்தான், அந்தக் குழந்தை பிழைக்க வேண்டும் என்றுதான் மல்லுக்கு நிற்கிறாள். அவளுக்கு வேண்டியது குப்பை. அதில் சாணம் இருந்தாக வேண்டும் என்று அவள் சொல்லவில்லையே.

எங்கள் ஹெல்த் சென்டரில் குப்பைக்கா பஞ்சம்? மேலே இருப்பவர்கள் கேட்டு, நாங்கள் மூன்று நகல் எழுதி, யாரும் படிக்காமல் திரும்பி வந்த ஃபாரங்கள் ஒரு மூட்டை கிடந்தன. இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப்போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன்.

"இது இன்னா, கடுதாசி?" என்றாள் குப்பம்மாள்.

"குப்பை. கவர்மெண்டே வேணாம்னு தூக்கிப் போட்டது."

ஒரு தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், ஏதோ படிப்பது போல வெகுநேரம் பார்த்தாள்.

"கவர்மெண்டே வேணாம்னுட்ச்சா?"

"ஆமாம்மா."

"அப்ப எமன் கிட்டகூட வரமாட்டான்."

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பெண் குழந்தை பிறந்தது. கொதிக்க வைத்த பிளேடால் தொப்புள்கொடியை அறுத்து, வெந்நீரில் அலசி உலர்த்திய துணியில் சுற்றிக் கொடுத்தேன். வாசலில் கொட்டியிருந்த காகிதக் குவியலின்மேல் குப்பம்மாள் பேத்தியைக் கிடத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அந்நியர் ஒருவர் கண்டெடுக்க வேண்டும் என்பது முறை. நான்தான் எடுத்தேன். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது.

தினமும் போய்த் தொப்புளைப் பார்த்தேன். ஏழாம் நாள் விடிந்ததுமே போய் உட்கார்ந்துவிட்டேன். கன்னியம்மா அழக்கூடத் தெம்பில்லாமல் குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அது பால் குடித்தது, தூங்கியது, மறுபடி குடித்தது. எட்டாம் நாளும் குடித்தது.

ஒன்பதாம் நாள் காலை தெருமுனை திரும்பும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. பிறந்து ஒன்பது நாள் ஆன குழந்தைக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று எனக்கே தெரியாது. குப்பம்மாள் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தாள். குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். கண்ணீர் தாடைவரை ஓடியிருந்தது.

"வாங்கடி, வந்து பாருங்கடி! ஒம்போது நாளு ஆவுது! வாயத் தொறந்து இன்னா கத்து கத்துது, பாருங்கடி!"

"உள்ள எடுத்துகினு போக்கா, கண்ணு பட்டுடப் போவுது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"படட்டும்டி!" என்று குழந்தையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினாள் குப்பம்மாள்.