இரவல் உடம்பு

ருக்குமணி செத்துப்போன தம்பியின் குரலை மூன்று நாள் பழகினாள். தேயிலை மலையில் கொழுந்து வெட்டும் மிசின் போடுகிற இரைச்சலில், யாருக்கும் கேட்காது என்கிற தைரியத்தில், வாய்க்குள்ளேயே பேசிப் பார்த்தாள். கடைசிக் காலத்தில் அர்ஜுனனுக்குத் தொண்டை கம்மிப்போயிருந்தது. அதனால் அந்தக் குரல் அவளுக்குச் சுலபமாகவே வந்தது.

அர்ஜுனனுக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு சிறுநீரகமும் கெட்டு, இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று தடவை மலையிறங்கி ஈப்போவுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தான். கடைசித் தடவை போய்ச் சேரவில்லை. வேனிலேயே, பெண்டாட்டி ரூபினியின் மடியில் உயிர் போய்விட்டது.

ரூபினி எஸ்டேட்டின் தேயிலைக் கடையில் வேலை செய்தாள். பிள்ளைகள் இல்லை. தொழிலாளர் லைன் வரிசையில் கடைசி வீடு அவர்களுடையது. அர்ஜுனன் பின்பக்கம் கூடுதலாக ஓர் அறை கட்டியிருந்தான். பக்கத்து வீடு ருக்குமணியுடையது. அந்த இரண்டு அறையில் அவளும் புருஷன் கருப்பையாவும், போன வருஷம் கல்யாணமான மகன் தினேஸ்வரனும் மருமகளும் இடித்துக்கொண்டு கிடந்தார்கள். கருமாதிகூட முடியாத நிலையில் ருக்குமணி மேனேஜரிடம் போய்த் தம்பி வீட்டைக் கேட்டுவிட்டாள்.

"ரூபினியும் எஸ்டேட் ஆளுதானே? நானா எழுப்ப முடியாதுலா. அவுங்களா காலி பண்ணிட்டா உங்களுக்குத் தாறேன்" என்றார் அவர்.

வீடு மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்கலாமா என்று பார்க்க முன்பு ஒருநாள் ருக்குமணி கோலாலம்பூர் போயிருந்தாள். பொருந்துகிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அன்று முழுக்க அவள் விலாவைத் தடவிக்கொண்டே இருந்தாள். பயம். அறுத்துவிட்டால் மலையேற முடியுமா, குனிய முடியுமா என்று பயம். சாயங்காலம் தம்பியிடம் போய், "சேரலையாம்டா" என்றாள். போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். அர்ஜுனன் அவள் கையைப் பிடித்து, "பரவால்லக்கா, நீ என்ன செய்வ" என்றான். அவனை ஆறு வயதிலிருந்து வளர்த்தவள் அவள். குளிர்கிற காலையில் வாயிலிருந்து புகை வந்தால், "உயிர் வெளிய போகுதுக்கா" என்று அலறிக்கொண்டு வாயைப் பொத்துகிற பையனாக இருந்தவன்.

ருக்குமணிக்கு உயிர், ஆவி என்பதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மூச்சு நின்றால் முடிந்தது. ஆனால் கோயில் பூசாரி ரூபினியிடம், "பதினாறாம் நாள் வரைக்கும் ஆத்மா வீட்டவிட்டுப் போகாதும்மா, நீ பேசுறதெல்லாம் அவருக்குக் கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து ரூபினி வேலை விட்டு வந்ததும் சுவர் மூலையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"தண்ணி கேட்டீங்களே, நான் தரலையே. டாக்டர் அரை லிட்டருக்கு மேல ஆகாதுன்னுட்டாருங்க. சாகப்போறீங்கன்னு தெரிஞ்சிருந்தா குடம் குடமா தந்திருப்பேனே."

அதைக் கேட்டபோதுதான் ருக்குமணிக்கு வழி கிடைத்தது.

பதினாறாம் நாள் மத்தியானம் படையல் போட்டார்கள். லைன் சனம் முற்றத்தில் நின்றது. பூசாரி சூடம் காட்டி முடிக்கவும் ருக்குமணி 'வீல்' என்று கத்திக்கொண்டு தரையில் விழுந்தாள். கொண்டை அவிழ்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையைச் சுற்றினாள்.

"யாருப்பா வந்திருக்கிறது?" என்று பூசாரி அருகில் வந்தார்.

"தாகமா இருக்கு" என்றாள் அர்ஜுனனின் குரலில்.

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. மறுபக்கத்து வீட்டு வேலம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாப்பா, தண்ணி கேட்டேனே, தரலையே நீ. நாக்கு ஒட்டிக்கிச்சு பாப்பா. தவிச்சுத் தவிச்சுச் செத்தேன்."

ரூபினியை அர்ஜுனன் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவான், அதுவும் தனியாக இருக்கும்போது. பலகைச் சுவர் வழியாக ருக்குமணிக்கு அது எத்தனையோ தடவை கேட்டிருந்தது. ரூபினியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீரும் சொம்பும் எடுத்துக்கொண்டு வந்து மண்டியிட்டாள்.

"குடிங்க. இனிமே யாரு தடுக்கப்போறா? குடிங்க."

ருக்குமணி குடித்தாள். மலைத்தண்ணீரில் பல் கூசியது. மறுபடி சொம்பு நீண்டது. மூன்றாவது சொம்பில் குமட்டியது. நான்காவதை ரூபினியே அவள் வாயில் சாய்த்து ஊற்றினாள். மூக்கில் ஏறிப் புரையேறியது. ஆனாலும் விழுங்கினாள். நிறுத்தினால் வேஷம் கலைந்துவிடும்.

"நீ இருக்கிற வீட்டுல என்னால இருக்க முடியாது. போயிரு" என்றாள் மூச்சிரைக்க. "நீ போனாத்தான் எனக்கு விமோசனம்."

"போயிருறேங்க. இன்னிக்கே போயிருறேன்." ரூபினி அவள் பாதத்தில் தலையை வைத்தாள். பிறகு நிமிர்ந்து அவளை உற்றுப் பார்த்தாள். அந்தக் கண்ணில் சூது என்று எதுவும் இல்லை. இருந்திருந்தால் ருக்குமணி தப்பியிருப்பாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா?" என்றாள் ரூபினி. "அண்ணியோட கிட்னி உங்களுக்குப் பொருந்துதுன்னு ஆஸ்பத்திரி நர்ஸம்மா அன்னிக்கே நம்ம வீட்டுக்கும் போன் பண்ணிட்டாங்க. சாயங்காலம் அண்ணி சேரலைன்னு சொல்லிட்டுப் போனதும், அவுங்ககிட்ட கேக்கவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்குனீங்களே. அக்கா பயந்துட்டா, விடு, அவளுக்குத் தெரிஞ்சா கூசிப்போயிருவான்னு சொன்னீங்களே. நானும் வாயத் தொறக்கல. இப்ப நீங்களே அவுங்க ஒடம்புக்குள்ள வந்துட்டீங்க. உசிரோட இருக்கிறப்ப ஒரு துண்டுகூட கிடைக்காத ஒடம்பு. உங்க கோபம் அவுங்க மேலயும் இருக்கா, இல்ல என் மேல மட்டும்தானா?"

ருக்குமணி கண்ணைத் திறக்கவில்லை. இமைக்கு வெளியே புருஷன் நிற்கிறான், மகன் நிற்கிறான், மருமகள் நிற்கிறாள். கண்ணைத் திறந்தால் ருக்குமணியாகத்தான் பதில் சொல்ல வேண்டும். வயிற்றில் தண்ணீர் குலுங்கியது. அவள் பொய்யை நம்பி ஏமாந்தவன் அல்ல, எல்லாம் தெரிந்துகொண்டே கையைப் பிடித்து 'பரவால்லக்கா' என்றவன் அவள் தம்பி.

"சொல்லுங்க" என்றாள் ரூபினி.

அழுதிருக்கலாம். விழுந்து கும்பிட்டிருக்கலாம். அவள் தம்பியின் குரலிலேயே சொன்னாள்:

"அக்கா மேல ஒரு குத்தமும் இல்ல. உன்மேலதான்."

"சரிங்க" என்று ரூபினி எழுந்தாள்.

திருநீற்றை எடுத்த பூசாரி அதை ருக்குமணியின் நெற்றியில் பூசாமல் பக்கத்தில் ஓர் இலையில் வைத்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனார். கூட்டம் கலைந்தது. கண்ணைத் திறந்தபோது கருப்பையா மட்டும் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

மாலை நான்கு மணிக்கு ரூபினி இரண்டு பையோடு லெம்பா பெர்த்தாம் ஊரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். லோரியில் ஏறும்போது வேலம்மா அவளைப் பிடித்து, "நாடகம்டி அது, போகாத" என்று அழுதாள். "இல்லக்கா, அவருதான். வேற யாருக்கும் தெரியாது அந்தப் பேரு" என்றாள் ரூபினி.

அடுத்த வாரம் வீட்டுச் சாவி ருக்குமணிக்கு வந்தது. பழைய வீட்டை மகனுக்கு விட்டுவிட்டு அவளும் கருப்பையாவும் அங்கே போவதாகப் பேச்சு. அவள் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போனாள். கருப்பையா வரவில்லை. பழைய வீட்டின் முன்னறையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். மருமகள் ருக்குமணிக்குச் சோறு கொண்டுவந்தாலும் புது வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

மலையில் கொழுந்து வெட்டும் மிசினை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டும். எட்டு வருஷமாக மறுபக்கம் பிடித்த வேலம்மா வேறு தேயிலை நிரைக்குப் போய்விட்டாள். லைன் ஆட்கள் யாரும் வரவில்லை. கடைசியில் கங்காணி, புதிதாக வந்த பங்களாதேஷ் ஆள் ஒருவனை அனுப்பினார். அவனுக்குத் தமிழ் தெரியாது.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிஞ்சாங் டவுனுக்குப் போக மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷனிடம் போய் நின்றாள்.

"ஏங்க, பயமா இருக்கா? ஆவியும் வரல, ஒண்ணும் வரல. நான்தாங்க பேசினேன். சத்தியமா நான்தான்."

"தெரியும்" என்றார் கருப்பையா. துணியைப் பிழிந்தார்.

"தெரிஞ்சுமா வரமாட்டேங்கிறீங்க?"

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மச்சான் உள்ள இருக்கான்னு நெனச்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன், ருக்கு. அங்க நீ மட்டும்தான் இருக்க."

மோட்டாரை உதைத்துக் கிளப்பினார். ருக்குமணி மோட்டார் கைப்பிடியை எட்டிப் பிடிக்கப் போனவள், பிடிக்காமல், அவர் போன பிறகும் அப்படியே லைன் வாசலில் நின்றாள். தண்ணீர்க்குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தி, வாளிகளைத் தங்கள் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்கள்.